ஏஜென்டுக்கும் ஓலை வாசித்தோம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ரிட்டயர் ஆனால் குறைந்துவிடும் என்று கூட வேலை பார்த்த ஆசிரியைகள் சொன்னார்கள். ரிட்டயர் ஆகி, ஆள் கடத்தலைத் தடுக்கும் வேலையில் இறங்கிய பிறகு அது கூடியதுதான் மிச்சம். நான் நாசரேத் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் எல்லாரும் பைபிள் வாசிக்கிற குரலிலேயே சண்டையும் போடுவார்கள். நான் மட்டும் எப்படி இப்படி வந்து பிறந்தேனோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஓர் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நானும், சம்பளத்துக்கு இரண்டு பெண்களும், ஒரு உதவி எண்ணும், அவ்வளவுதான் எங்கள் அமைப்பு. வேலை வாங்கித் தருகிறேன் என்று கடற்கரை ஊர்ப் பெண்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பூட்டிய வீடுகளில் போட்டு வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பதற்கு அரசாங்கம் ஒரு நிதி கொடுக்கிறது. நாங்களும் கேட்டோம், கொடுத்தார்கள். உத்தரவு வந்த அன்றைக்கு மக்ரூன் வாங்கி, கீழே ஐஸ் உடைக்கிறவர்கள் வரைக்கும் கொடுத்தேன்.

நிதியோடு நிபந்தனைகளும் வந்தன. ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் போட வேண்டும். கூட்டத்தில் பேனர் தெரிய வேண்டும், பேனரில் திட்டத்தின் பெயர் தெரிய வேண்டும், போட்டோவில் எல்லார் முகமும் தெரிய வேண்டும். இதையெல்லாம் நான் தப்பு சொல்ல மாட்டேன். மக்கள் பணம், கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள்.

முதல் கூட்டத்தைத் தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் வைத்தோம். முழுக்கக் கத்தோலிக்க ஊர். கோயிலை ஒட்டிய ஹாலில் பெண்கள் நிறைய பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேனரில் ஒரு சிறுமியின் படம். இரண்டு கைகளிலும் சங்கிலி, கண்ணில் தண்ணீர். மேலே இருந்து வந்த படம் அது. நான் பேசப் பேச, முன்வரிசையில் ஒருத்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் விற்கிறவள், காலை ஏலம் முடிந்து, அலுமினியச் சட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே வந்திருந்தாள்.

"ஏன் டீச்சர், இந்தப் பிள்ளைய யாரு சங்கிலி போட்டுக் கெட்டுனது?" என்றாள்.

"கடத்திக்கொண்டு போகிறவர்கள்தான்" என்றேன்.

"எங்க ஊருக்கு வாரவன் எவனும் சங்கிலியோட வரல்ல. பழமும் பிஸ்கட்டுமால்லா வாரான்! அத்தைங்கான், மைனிங்கான், சின்னப் பிள்ளைய தூக்கிக் கொஞ்சுதான். உங்க படத்த வச்சி அவன எப்பிடிக் கண்டுபிடிக்கது?"

ஹாலே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. அதற்குப் பிறகு நான் பேசியது யார் காதிலும் விழவில்லை. டீயும் சமோசாவும் வந்தன, போட்டோ எடுத்தோம், எல்லார் முகமும் நன்றாகவே விழுந்தது.

பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவளே பக்கத்தில் வந்தாள். "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். எம் மவளும் வெளிநாட்டுக்குத்தான் போறா. அரபு தேசத்துல ஒரு வீட்டுல பிள்ள பாக்க வேல. நம்ம கடக்கர ஆளு ஒருத்தர்தான் அனுப்புதாரு. இப்ப வீட்டுலதான் இருக்காரு. வந்து பாருங்க, ஒங்களுக்கே புடிச்சுப் போவும்."

போனேன். ஆள் வெள்ளைச் சட்டையில் வீட்டு மனிதனைப்போல உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. வாய் ஓயாமல், சொந்த அண்ணியைக் கூப்பிடுகிற உரிமையோடு "மைனி, மைனி" என்றான். புன்னைக்காயல்தான் சொந்த ஊராம். தகப்பனார் பெயரைச் சொன்னான், வீடு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று சொன்னான். லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். "எல்லாம் மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்கு டீச்சர்" என்று சிரித்தான். பெண்ணிடம் ஒரு பைசா வாங்கவில்லையாம். டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் அவன் செலவாம். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் உறுதியானது; கைக்காசு போடுகிறவன் அதை அந்தப் பெண்ணிடமிருந்துதானே திரும்ப எடுப்பான்? அந்த ஊரில் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்திருந்தான். அடுத்த வாரத்துக்கு மறுவாரம் புதன்கிழமை பயணம்.

மகள் அடுக்களைப் பக்கம் நின்றாள். பத்தொன்பது வயது. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. எலுமிச்சைத் தோலை வைத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் மெல்லக் கேட்டாள்: "டீச்சர், அங்கன போனா போன் பேச விடுவாங்கள்லா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அவன் போன பிறகு தாய்க்காரியிடம், அனுப்பாதே என்று சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "ஒங்க மவன் சிங்கப்பூர்ல இருக்கான்னு கூட்டத்துல நீங்கதான சொன்னீங்க? ஒங்க பிள்ள போனா பெரும, எம் பிள்ள போனா கடத்தலா? எம் மவ காலம் பூரா இந்த எறா வாடையிலயே கெடக்கணும், அப்பிடித்தான?" நான் வெளியே வந்து தூத்துக்குடிக்கு வண்டி ஏறினேன்.

போலீஸில் சொன்னேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். அவன் சொன்ன பெயரில் எதுவும் அகப்படவில்லை. வீட்டார் யாராவது புகார் கொடுத்தால் உடனே வருகிறோம் என்றார்கள். வீட்டாரோ அவனுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். யார் கொடுப்பார்கள் புகார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரைப் பார்க்க மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, அதனால் கோயிலில் இடமில்லை. வாசல் பக்கம் சுவரோரமாக நின்றேன். பூசை முடிவில் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். ஒரு கல்யாண ஓலை. இன்ன ஊர், இன்னார் மகன் இன்னாருக்கும், இந்த ஊர், இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை.

எங்கள் சபையிலும் இது உண்டுதான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன வாசகம். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்களைப் பார்த்தேன். ஓலை வாசித்த உடனே முக்காட்டுக்குள்ளிருந்து ஒருத்தி காதை ஒருத்தி கடிக்கிறாள். மாப்பிள்ளையின் பாட்டன் வரைக்கும் அலசி முடித்துவிட்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படி நடக்கும். இங்கே மட்டுமில்லை, மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் இதே ஓலையை வாசிப்பார்கள். அங்கே ஏற்கெனவே பெண்டாட்டி இருந்தால் அங்கேயே தெரிந்துபோகும்.

அடேயப்பா! ஒருவனுக்குப் பெண் கொடுக்க இரண்டு ஊரைக் கூட்டி விசாரிக்கிறவர்கள், முன்பின் தெரியாத ஒருவனோடு அதே பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே!

பூசை முடிந்ததும் சாமியாரிடம் ஓடினேன். "சாமி, அந்த ஏஜென்டுக்கும் ஓலை வாசியுங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"டீச்சர், ஓலைன்னா அது கலியாணத்துக்கு உள்ளது."

"கல்யாணம் ஆனாலாவது பெண் பக்கத்து ஊரில் இருப்பாள் சாமி. இவன் எங்கே கொண்டு போகிறான் என்றே தெரியாது. ஒரு கேள்விதானே கேட்கச் சொல்கிறேன்? இவரைத் தெரிந்தவர்கள் உண்டா, அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். "சரி, ஓலையா வேண்டாம், ஓலை மாதிரி ஒரு அறிவிப்பா வாசிப்போம். புன்னைக்காயல் சாமியார்ட்டயும் நான் பேசுதேன். ஆனா மூணு ஞாயித்துக்கெழம ஏது? புதன்கெழமைக்கு முன்னால இனி ஒரு ஞாயிறுதான இருக்கு."

"கல்யாணத்துக்கு அவசரம் என்றால் என்ன செய்வீர்கள்?"

"ஆயர்ட்ட அனுமதி வாங்கி, மூணு ஓலையையும் ஒண்ணா வாசிப்போம்." சொல்லிவிட்டுத் தாடையைத் தடவினார். "இதுக்கு அனுமதி யாருட்ட கேக்க? போட்டும், நானே தாரேன்."

அறிவிப்பில் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் போதாது, புருவத் தழும்பையும் சேர்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். சேர்த்தார்.

செய்தி தாய்க்காரிக்குப் போனது. வந்தாள் பாருங்கள், தெருவே அதிர. "எம் மவளுக்கு என்ன கலியாணமா நடக்கு, கோயில்ல வாசிக்கதுக்கு? சரி, வாசிங்க. நானும் புன்னக்காயலுக்கு வாரேன். அவுக வீட்டையே போயிப் பாத்துட்டு வருவோம். அதுக்கப்புறம் ஒங்க பேனர சுருட்டிக்கிட்டு இந்தப் பக்கம் தலகாட்டப்படாது, சொல்லிட்டேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றேன். அவன் உண்மையிலேயே புன்னைக்காயல்காரனாக இருந்துவிட்டால் இந்தக் கரையில் என் பேச்சு இனி எடுபடாது. அந்தப் பெண்ணும் போய்விடுவாள்.

அரசாங்க நிதியில் வண்டி வாடகைக்கு இடமிருந்தது. அதற்காகவே அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் நானும் ஒரே வண்டியில், ஒரு வார்த்தை பேசாமல், உப்பளங்களைத் தாண்டித் தெற்கே போனோம். அவள் நல்ல பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். சம்பந்தி வீடு பார்க்கப் போகிற மாதிரி ஒரு பையில் பழம் வேறு.

புன்னைக்காயல் கோயிலில் பூசை முடிவில் அந்த ஊர்ச் சாமியார் வாசித்தார். இந்த ஊரைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னார், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவர், பெண்களை வெளிநாட்டு வேலைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவரை அறிந்தவர்கள், தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள், தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆண்கள் பக்கம் ஒரு பெரியவர் சட்டென்று எழுந்தார். "சாமி, அது எம் பேரு!" என்றார். "என் மவம்னா சொல்லுதான்? எனக்கு இருக்கது அத்தனையும் பொட்டப்பிள்ளைலா சாமி!"

கோயில் கொல்லென்று சிரித்தது. சாமியாரே சிரித்தார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. இல்லாத மகன்மேல் கோபமாகச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் பார்த்தேன். தாய்க்காரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. மடியிலிருந்த பழப்பை சரிந்து தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்தாள். முப்பது வயதிருக்கும். கோயிலுக்குள் யாரும் அப்படி எழுந்து பேசுவதில்லை; தடை தெரிந்தால் பிறகு தனியாகப் போய்ச் சாமியாரிடம் சொல்வதுதான் வழக்கம். அவள் எழுந்தே நின்றாள்.

"அந்தத் தழும்பு எனக்குத் தெரியும் சாமி" என்றாள். "என்னக் கூட்டிட்டுப் போனதும் அவந்தான். எங்கிட்ட வந்து, வடக்க கீழவைப்பார்க்காரன்னு சொன்னான். எங்க அம்மையையும் மைனி மைனின்னுதான் கூப்பிட்டான். ஒரு வருசம் என்னயப் பூட்டி வச்சிருந்தாவ சாமி. வேல புடிக்கல, வந்துட்டேன்னுதான் ஒங்க எல்லாருட்டயும் சொன்னேன். பொய்தான் சொன்னேன். பூட்டித்தான் வச்சிருந்தாவ."

அவளுடைய தாய் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கத்தில் இருந்த தாய்க்காரி என் மணிக்கட்டை நசுக்கிவிடுகிற மாதிரிப் பிடித்தாள். மீன் வெட்டுகிற கை, அப்படி வலித்தது. "டீச்சர்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. ஒரு கரையில் ஒரு ஊரைச் சொன்னான், இன்னொரு கரையில் இன்னொரு ஊரைச் சொன்னான். யார் இவ்வளவு தூரம் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்கிற தைரியம் அவனுக்கு. இரண்டு ஊரிலும் வாசிக்கிற வழக்கம் இந்தக் கடற்கரையில் உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அந்தப் பெண்ணும் வந்தாள். நேரே காவல் நிலையம். எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி கடைசிவரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புகார் கொடுக்க ஆளில்லை என்ற பேச்சு முடிந்தது.

ஊரில் ஒருவரும் அவன் காதுக்கு விஷயத்தைக் கொண்டுபோகவில்லை; புதன்கிழமை காலை அவன் காரோடு வந்தான். ஏலம் முடிகிற நேரம். போலீஸ்காரர்கள் சாதாரண உடுப்பில், சிலுவை நட்ட குருசடிப் பக்கம் நின்றார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். இடுப்பில் மீன் சட்டி, வாயில் வசவு. தாய்க்காரி கதவைத் திறந்து அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "மைனின்னு கூப்பிட்டேல்லா? எறங்குல! மைனி மீன்கொளம்பு வச்சிருக்கேன், வா!" என்றாள். போலீஸ்காரர்கள் வந்து அவனைக் காப்பாற்றித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. விசிலடிக்கத் தெரியாதே என்று வருத்தப்பட்டேன்.

பெண் போகவில்லை. மற்ற மூன்று பேரும் போகவில்லை. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிதியின் இரண்டாம் தவணை நின்றுபோனது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். இளம் வயது, சுறுசுறுப்பான பெண். கூட்டங்கள் குறைவு என்றார். சரி. கோயிலுக்குள் வாசிப்பதை அரசாங்க நிதியில் ஒரு ஆக்டிவிட்டியாகக் காட்ட முடியாது என்றார். அதுவும் நியாயம்தான், பொதுப்பணத்துக்கு ஒரு மதமும் கிடையாது. அதற்கு மேல் ஒன்று கேட்டார். "மேடம், நீங்க மீட்ட பெண்கள் எத்தனை பேர்? யாருமே இல்லையே. மேலே கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

வந்தது எனக்கு. "போகவே விடவில்லை என்றால் எப்படியம்மா மீட்பது? ஒரு தடவை அனுப்பிவிட்டு, பூட்டு உடைத்துக் கூட்டி வரட்டுமா? அப்போது பணம் தருவீர்களா?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு, போச்சு, அலுவலகத்தைப் பூட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. "நீங்க நிறுத்தின பெண்ணை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

ஊருக்குக் கூட்டிப்போனேன். அதிகாரி அந்தப் பெண்ணோடு தனியாக ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கருப்பட்டிக் காப்பி ஆறிப்போனது. வெளியே வந்ததும், கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற கூடத்தைப் பார்த்தார்.

"இங்கே யார் வேணும்னாலும் வரலாமா?"

"வியாபாரி, லாரிக்காரன், எல்லாச் சாதியும் எல்லா மதமும் வரும்" என்றேன்.

"மைக் இருக்குல்ல? அப்ப அதே அறிவிப்பை இங்கே வாசிங்க மேடம். ஊர்க் கமிட்டி வாசிக்கட்டும். ஏஜென்ட் எந்த ஊர்னு சொல்றானோ அந்த ஊர்லயும் வாசிக்கணும், அதை மட்டும் விடாதீங்க. ஊரறிய விசாரணைன்னு பேர் போட்டு நான் அனுப்பறேன். திட்டி எழுதினாங்கன்னா நானும் உங்களை மாதிரி கத்தறேன்."

அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. என்ன எழுதினாரோ, எங்கே கத்தினாரோ, இரண்டாம் தவணை வந்தது. அடுத்த வருஷ நிதி இன்னும் பல கடற்கரை ஊர்களையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒரு ஊரில் ஜமாத் வாசிக்கிறது, ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டி வாசிக்கிறது. நல்ல ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். அவர்களே இப்போது, எங்கள் பெயரை வாசித்துவிடுங்கள் டீச்சர், அப்போதுதான் பெண்கள் வருகிறார்கள் என்கிறார்கள். சங்கிலிப் படம் போட்ட பேனரை ஐஸ் கம்பெனிக்காரர்கள் பனிக்கட்டி மூட வாங்கிக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு நாள் அந்தத் தாய்க்காரி மாடிப்படி ஏறி அலுவலகத்துக்கு வந்தாள். மகள் இதற்குள் ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்பு முடித்திருந்தாள். வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜென்சி. நானே எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். பயமில்லாமல் அனுப்பலாம் என்றேன்.

"நீங்க சொன்னாப் போதுமா?" என்றாள். "எம் மவளுக்கு மூணு தடவ வாசிக்கணும். ஒண்ணா வாசிக்க விடமாட்டேன். அவசரம்னா அந்த ஆஸ்பத்திரி காத்துக் கெடக்கட்டும்."

வாசித்தார்கள். ஏஜென்சி இருக்கிற ஊரிலும் எங்கள் ஆட்கள் போய் விசாரித்தார்கள். மூன்றாவது தடவை நானும் ஏலக்கூடத்துக்குப் போயிருந்தேன். கமிட்டிக்காரர் மைக்கை எடுக்கப் போனபோது அவள் வாங்கிக்கொண்டாள். மகளின் பெயரையும், வேலையையும், ஆஸ்பத்திரி பெயரையும் தடுமாறாமல் சொன்னாள். "தடை தெரிஞ்சவுக இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியாபாரிகள் நின்றார்கள், லாரிக்காரர்கள் நின்றார்கள். புன்னைக்காயல் பெண்ணும் வந்திருந்தாள். அவளைத்தான் கடைசியாகப் பார்த்தாள். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகுதான் தாய் மகளைப் பார்த்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அதனால் கரை முழுக்கக் கேட்டது.

"ஒரு தடையும் இல்ல. போயிட்டு வாளா."